பழைய யூஎஸ்பி பிரின்டரை ஆபீஸுக்கே பொதுவாக்குவது எப்படி: பிரின்ட் சர்வர் அமைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாலைந்து கம்ப்யூட்டர், ஒரே ஒரு யூஎஸ்பி லேசர் பிரின்டர். அதை ஒருவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி ஷேர் செய்து வைத்திருக்கிறீர்கள். அவர் லீவு போட்டு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனால் அன்றைக்கு ஆபீஸில் யாருக்கும் பிரின்ட் கிடையாது. இதில் விண்டோஸ் அப்டேட் வேறு. 2021இல் வந்த பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பிறகு, 11பி என்று முடியும் பிழை எண்ணைப் பார்க்காத சின்ன ஆபீஸ் குறைவு. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகும்தான், ஆனால் அந்த மாற்றம் மைக்ரோசாஃப்ட் போட்ட பூட்டையே கழற்றிவிடுகிறது.

இந்தப் பாடு வேண்டாம் என்றால் பிரின்டருக்கென்று தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிடுங்கள். அதுதான் பிரின்ட் சர்வர். அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸும், பிரின்டரைப் பகிரும் கப்ஸ் என்ற இலவச மென்பொருளும் ஓடும். விண்டோஸ், மேக், ஐபோன், ஆண்ட்ராய்டு எல்லாம் அதன் வழியாகவே பிரின்ட் எடுக்கும். எங்கள் தணிக்கையாளர் அலுவலகத்தில் நான் செய்தது இதைத்தான். செய்யும்போது எங்கெங்கே இடறியதோ அதையெல்லாம் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

பிரின்டருக்கு லினக்ஸில் டிரைவர் (கம்ப்யூட்டர் பிரின்டரோடு பேச உதவும் நிரல்) இருந்தால் மொத்த வேலையும் அரை நாள்தான். இல்லாவிட்டால் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் நடக்காது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, முதல் படி முடியாமல் காசு எடுத்து எதையும் வாங்காதீர்கள். இன்னொன்று, வேலை நெருக்கும் நேரத்தில் இதைத் தொடாதீர்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஆபீஸ் என்றால் ஜூலையும் செப்டம்பரும் வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை ஆரம்பித்தால் சனிக்கிழமை கைவசம் இருக்கும்.

1. முதலில் பிரின்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

பின்னால் அல்லது அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள மாடல் பெயரை எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். “எச்பி லேசர்” என்று மட்டும் தெரிந்தால் பயனில்லை. 1020 வேறு, 1020 பிளஸ் வேறு, பி1108 வேறு. ஓப்பன்பிரின்டிங் தளத்தில் மாடலைப் போட்டுத் தேடினால் லினக்ஸில் எந்த டிரைவர் பொருந்தும் என்று வரும். நம் ஊர் ஆபீஸ்களில் அடிக்கடி காணும் வகைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எச்பி லேசர்ஜெட் 1020, பி1007, எம்1005 மாதிரியான பழைய குதிரைகள். இவை ஓடும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இவற்றில் பல, ஃபர்ம்வேரை (பிரின்டரையே இயக்கும் உள் நிரல்) தன்னிடம் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. சுவிட்சைப் போடும்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் எச்பிலிப் என்ற தொகுப்பு இதைச் செய்யும். அதோடு எச்பியின் தனி பிளக்-இன் ஒன்றையும் இறக்க வேண்டும். பிளக்-இன் இல்லாவிட்டால் நடப்பது இதுதான்: வேலை முடிந்தது என்று திரை சொல்லும், பிரின்டரிலிருந்து ஒரு தாளும் வராது. புதியவர்கள் கேபிளை மாற்றி, போர்ட்டை மாற்றி, கடைசியில் பிரின்டரே போய்விட்டது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

கேனான் எல்பிபி 2900பி. இங்கேதான் பெரிய பள்ளம். கேனான் இதற்கு லினக்ஸ் டிரைவர் கொடுத்திருக்கிறது, ஆனால் இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகளுக்கு மட்டும். ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டரில் இருப்பதோ ஏஆர்எம் என்ற வேறு வகைச் செயலி. அதில் இந்த டிரைவர் ஓடாது. ஆர்வலர்கள் எழுதிய மாற்று டிரைவர் ஒன்று உண்டு, தினசரி ஆபீஸ் வேலைக்கு அதை நம்பச் சொல்ல மாட்டேன். 2900பி வைத்திருப்பவர்கள் பழைய இன்டெல் கம்ப்யூட்டர் ஒன்றைத்தான் சர்வராக்க வேண்டும்.

பிரதர் எச்எல்-எல்2321டி போன்ற லேசர் பிரின்டர்களுக்கு பிஆர்லேசர் என்ற டிரைவர் இருக்கிறது. ஏஆர்எம்மிலும் ஓடும், தொல்லை கிடையாது. எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் மாடல்களில் பலவற்றுக்கு எஸ்சிபிஆர் டிரைவர் போதும்.

டாட் மேட்ரிக்ஸ் (டிவிஎஸ், எப்சன் எல்எக்ஸ் வகை) வைத்து டேலியில் பில் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராஃப்ட் முறையில் அடிக்கும்போது டேலி நேரடியாக எழுத்துகளை அனுப்புகிறது. அதற்கு எதையும் மாற்றாமல் அப்படியே கடத்தும் “ரா” வரிசை வேண்டும். செய்ய முடியும், ஆனால் முதல் முயற்சிக்கு இதை எடுக்காதீர்கள்.

பைசா செலவில்லாமல் சோதிக்கவும் வழி உண்டு. ஒரு பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸின் லைவ் பதிப்பைப் போட்டு, ஆபீஸில் இருக்கும் ஏதாவது ஒரு லேப்டாப்பை அதிலிருந்து துவக்கிப் பிரின்டரை மாட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் செயலி என்பதை மறக்காதீர்கள். லேப்டாப்பில் வந்த பிரின்ட் ராஸ்பெர்ரி பையில் வராமல் போகலாம். மேலே சொன்ன கேனான் அப்படித்தான் ஏமாற்றும்.

டிரைவரே இல்லை, பிரின்டரும் கடைசிக் காலத்தில் இருக்கிறது என்றால் சர்வர் யோசனையை விட்டுவிட்டு நெட்வொர்க் வசதியுள்ள புது பிரின்டர் வாங்குவதே நல்லது. ஆனால் 1020 நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. 12ஏ டோனர் எந்த ஊரிலும் கிடைக்கும், ரீஃபில் செய்யத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

2. எந்தப் பெட்டி, என்ன செலவு

மூன்று வழிகள் உண்டு.

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ. போர்டு மட்டும் 2,000 ரூபாயை ஒட்டி வரும். இதில் லேன் போர்ட் கிடையாது, வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். யூஎஸ்பி துளையும் சின்னது, ஓடிஜி கேபிள் தனியாக வாங்க வேண்டும். நினைவகம் 512 எம்பி. ஒன்றிரண்டு பக்கக் கடிதம், பில் என்றால் தாராளம். ஸ்கேன் செய்த பத்திரம் மாதிரி கனமான பிடிஎஃப் வந்தால் முதல் பக்கம் வெளியே வர நேரமெடுக்கும்.

ராஸ்பெர்ரி பை 4. லேன் போர்ட்டும் பெரிய யூஎஸ்பி துளைகளும் உண்டு. 5,000 ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். மெமரி சிப் விலையைப் பொறுத்து இதன் விலையும் ஏறி இறங்குகிறது, வாங்கும் நாளில் இரண்டு மூன்று இடம் விசாரியுங்கள்.

பழைய தின் கிளையன்ட் அல்லது மினி பிசி. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கம்பெனிகள் கழித்துக் கட்டியவை 4,000 முதல் 7,000 ரூபாய்க்குள் கிடைக்கும். இன்டெல் செயலி, கூடவே டிஸ்க்கும் பவர் அடாப்டரும் வரும். எனக்குப் பிடித்தது இதுதான். மெமரி கார்டு கெட்டுப்போகும் பயமில்லை, கேனான் பிரச்சினையும் இல்லை. மின்சாரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், இடம் அடைக்கும், அவ்வளவுதான். ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய டெஸ்க்டாப் இருந்தால் அதுவே போதும், செலவு பூஜ்யம்.

பை வாங்குபவர்கள் போர்டு விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சரியான பவர் அடாப்டர் (பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், ஜீரோவுக்கு 2.5 ஆம்பியர்), பெயருள்ள கம்பெனியின் 32 ஜிபி மெமரி கார்டு, பெட்டி, கேபிள் எல்லாம் சேர்ந்தால் இன்னும் 1,500 ரூபாயாவது ஆகும். பழைய போன் சார்ஜரில் ஓட்டாதீர்கள். மின்னழுத்தம் குறைந்து, காரணமே தெரியாமல் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும்.

கடையில் “பிரின்ட் சர்வர்” என்ற பெயரிலேயே சின்னப் பெட்டி ஒன்று விற்பார்கள். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் லேன். பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் 1020 மாதிரி ஃபர்ம்வேருக்குக் கம்ப்யூட்டரையே நம்பியிருக்கும் பிரின்டர்களோடு இவை ஒத்துப்போவதில்லை. எங்களுக்கு ஒரு கடையில் “எல்லா பிரின்டருக்கும் ஓடும் சார்” என்று அடித்துச் சொன்னார்கள். மாட்டிக் காட்டுங்கள் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் பிரின்டரைச் செருகும் யோசனையும் இப்படித்தான். பல ரவுட்டர்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனி மென்பொருள் போட வேண்டும், ஒருவர் பிடித்து வைத்திருக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும்.

3. கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

ஆரம்பிக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை எழுதி வையுங்கள். நடுவில் தேடப் போனால் அரை நாள் வேலை இரண்டு நாளாகும்.

ரவுட்டரின் அட்மின் பெயரும் பாஸ்வேர்டும். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல. ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் மாற்றி வைத்திருக்கலாம். முந்தின நாளே போன் செய்து கேட்டு வாங்குங்கள், சனிக்கிழமை மாலை யாரும் எடுக்க மாட்டார்கள்.

பிரின்டரின் முழு மாடல் பெயர். சர்வருக்கு வைக்கப்போகும் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு. சர்வரின் மேக் முகவரி (ஆப்பிள் மேக் அல்ல, ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் உரிய அடையாள எண்; மாட்டிய பிறகு ரவுட்டர் பக்கத்தில் தெரியும்).

அப்புறம் பில். ஆபீஸ் பெயரில் வாங்குவதாக இருந்தால் பில் போடும் முன்பே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். எண் இல்லாமல் பில் போட்டுவிட்டால் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அப்புறம் திருத்தித் தரச் சொல்லி அலைய வேண்டியிருக்கும். பழைய சாமான் வாங்கும்போது பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். மாற்றித் தரும் காலம் ஒரு மாதமோ மூன்று மாதமோ, அதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

4. முகவரியை நிலையாக்குங்கள்

எல்லோரும் தவறவிடும் படி இது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியைக் கொடுக்கும், கரன்ட் போய் வந்தால் அது மாறலாம். இன்று 192.168.1.50 ஆக இருந்த சர்வர் நாளை 192.168.1.57 ஆகிவிட்டால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிரின்டர் “ஆஃப்லைன்” என்று காட்டும்.

ரவுட்டர் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி என்ற பகுதிக்குப் போய், முகவரி ஒதுக்கீடு (அட்ரஸ் ரிசர்வேஷன் அல்லது ஸ்டேட்டிக் லீஸ் என்று இருக்கும்) என்ற இடத்தில் சர்வரின் மேக் முகவரியையும் வேண்டிய ஐபியையும் சேர்த்து விடுங்கள். அப்புறம் ரவுட்டரையும் சர்வரையும் ஒரு முறை அணைத்துப் போட்டு, அதே முகவரி வருகிறதா என்று பாருங்கள். லேனுக்கும் வைஃபைக்கும் தனித்தனி மேக் முகவரி. எதில் இணைக்கப் போகிறீர்களோ அதை எடுங்கள். என்னைக் கேட்டால் லேன் வயர்.

இணைய இணைப்பு கம்பெனியை மாற்றும்போது இந்த ஏற்பாடு மொத்தமாகப் போய்விடும். புது ரவுட்டர் வேறு எண் வரிசையில் முகவரி கொடுக்கும். ஜியோ ரவுட்டர்கள் 192.168.29 என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குத் தப்ப, கம்ப்யூட்டர்களில் ஐபி எண்ணுக்குப் பதிலாகச் சர்வரின் பெயரோடு “புள்ளி லோக்கல்” சேர்த்துக் கொடுக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டும் இதைப் புரிந்துகொள்ளும். எங்காவது புரியாமல் முரண்டு பிடித்தால் மட்டும் எண்ணுக்குத் திரும்புங்கள்.

5. சிஸ்டத்தைப் போடுதல்

பை என்றால் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருளை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவி, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் படமெல்லாம் தேவையில்லை. எழுதும் முன்பு அமைப்புகளைக் கேட்கும். அங்கே சர்வரின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, நேர மண்டலம் (ஏஷியா/கொல்கத்தா) எல்லாவற்றையும் கொடுத்து, வேறு கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வசதியையும் இயக்கிவிடுங்கள். எஸ்எஸ்எச்சை மறந்தால் மானிட்டரும் கீபோர்டும் தேடி ஓட வேண்டியிருக்கும். பழைய வழிகாட்டிகளில் சொல்லும் “பை” என்ற இயல்பான பயனரும் பாஸ்வேர்டும் 2022 முதல் கிடையாது. அதைப் போட்டுப் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

மினி பிசி என்றால் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பு. நிறுவும்போது டெஸ்க்டாப் சூழலை எடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் டிக் செய்யுங்கள். கூடவே பயாஸில் (பிசி துவங்கும்போது போகக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) போய், கரன்ட் வந்ததும் தானே இயங்கும்படி அமைத்துவிடுங்கள். பை இதைத் தானாகவே செய்யும், பிசி செய்யாது.

6. கப்ஸை நிறுவுதல்

எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து முதலில் எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். பிறகு ஏப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் கப்ஸ் தொகுப்பையும் உங்கள் பிரின்டருக்கான டிரைவர் தொகுப்பையும் நிறுவுங்கள். அடுத்து இரண்டே வேலை. உங்கள் பயனரை எல்பிஅட்மின் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். அப்புறம் கப்ஸ்சிடிஎல் கட்டளையால் தொலைவிலிருந்து நிர்வகிக்கவும் பிரின்டர்களைப் பகிரவும் அனுமதி தர வேண்டும்.

இப்போது ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றின் பிரௌசரில் சர்வரின் ஐபியையும் 631 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் கப்ஸ் பக்கம் வரும். இங்கே மூன்று தடங்கல் வரலாம்:

“ஃபர்பிடன்” என்று வந்தால் தொலைநிர்வாக அனுமதி விழவில்லை என்று பொருள். “இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று பிரௌசர் மிரட்டினால் பயப்படாதீர்கள். சர்வர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சான்றிதழ் அது, அட்வான்ஸ்டு என்பதைத் தட்டி உள்ளே போகலாம். பாஸ்வேர்டை எத்தனை முறை கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்டால் உங்கள் பயனர் எல்பிஅட்மின் குழுவில் இல்லை.

7. பிரின்டரைச் சேர்த்தல்

எச்பி 1020 குடும்பம் என்றால் கப்ஸ் பக்கத்துக்குப் போகும் முன் எச்பிலிப்பின் பிளக்-இன்னை இறக்கிவிடுங்கள். அதற்கென்று தனிக் கட்டளை உண்டு. உரிமத்தை ஏற்கிறீர்களா என்று கேட்கும், ஆம் என்று கொடுத்தால் எச்பியிடமிருந்து இறங்கும். முடிந்ததும் பிரின்டரை அணைத்துப் போடுங்கள். சில நொடிகளில் உள்ளே மோட்டார் ஒரு சுற்று சுற்றும் சத்தம் கேட்டால் ஃபர்ம்வேர் ஏறிவிட்டது. இதே பிரின்டர்களுக்கு ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற இன்னொரு டிரைவரும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எது ஃபர்ம்வேரை அனுப்புவது என்று அடித்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் வையுங்கள்.

மற்றபடி கப்ஸ் பக்கத்தில் அட்மினிஸ்ட்ரேஷன், ஆட் பிரின்டர். மாட்டியிருக்கும் பிரின்டர் மேலே “லோக்கல்” பட்டியலில் தெரியும். பெயர் கேட்கும்போது இடைவெளி விடாதீர்கள், சின்னதாக வையுங்கள். இந்தப் பெயரைத்தான் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தட்டச்சு செய்யப் போகிறீர்கள். “ஷேர் திஸ் பிரின்டர்” டிக் கட்டாயம்.

டிரைவர் தேர்ந்தெடுத்த பிறகு, பிரின்டர் டிரைவர்கள் இனி வரும் பதிப்புகளில் இருக்காது என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை வரலாம். அது வருங்காலத்தைப் பற்றிய அறிவிப்பு. உங்கள் பிரின்டர் இன்றைக்கு ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து வரும் அமைப்புகளில் முதல் வேலை தாள் அளவு. பல நேரம் அமெரிக்க “லெட்டர்” அளவு தேர்வாகியிருக்கும். அதை ஏ4 ஆக்காமல் விட்டால், பிரின்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டே தாள் கேட்டு விளக்கை மின்னிக்கொண்டு நிற்கும். அல்லது ஓரத்தில் எழுத்து வெட்டுப்படும். பத்திரத் தாள், லீகல் சைஸ் அடிக்கிற ஆபீஸ் என்றால் அதே பிரின்டரை வேறு பெயரில் இன்னொரு முறை சேர்த்து, அதற்கு லீகல் அளவை வைத்துவிடுங்கள். ஆட்கள் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் மெனுவுக்குள் போய் மாற்ற வேண்டியதில்லை.

கடைசியில் மெயின்டனன்ஸ் பட்டியலில் சோதனைப் பக்கம் ஒன்று அடியுங்கள். அது ஒழுங்காக வந்த பிறகே விண்டோஸ் பக்கம் போங்கள். வராவிட்டால் கோளாறு சர்வரில்தான், விண்டோஸில் தேடி லாபமில்லை.

8. கம்ப்யூட்டர்களையும் போன்களையும் இணைத்தல்

விண்டோஸில் பிரின்டர் சேர்க்கும் இடத்தில் தானாகத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் “நான் தேடும் பிரின்டர் பட்டியலில் இல்லை” என்பதைத் தட்டி, பெயரால் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் முகவரியைக் கொடுங்கள். எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, சர்வரின் ஐபி, முக்காற்புள்ளி, 631, சாய்கோடு, பிரின்டர்ஸ், சாய்கோடு, நீங்கள் வைத்த பெயர். “பிரின்டர்ஸ்” என்பதில் கடைசி எஸ் எழுத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

டிரைவர் கேட்கும்போது கை தானாக எச்பி பக்கம் போகும். போகவிடாதீர்கள். பிரின்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றுவது சர்வரின் வேலை. விண்டோஸும் அதையே செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். பட்டியலில் மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர் இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் ஜெனரிக் என்பதன் கீழ் எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டர், கறுப்பு வெள்ளைக்கு அது போதும். இரண்டுமே காணவில்லை என்றால் அதே திரையில் உள்ள விண்டோஸ் அப்டேட் பொத்தானைத் தட்டுங்கள். பட்டியல் நிரம்பச் சில நிமிடம் ஆகும், தொங்கிவிட்டது என்று மூடிவிடாதீர்கள்.

பிரின்ட் கொடுத்ததும் கடிதத்துக்குப் பதிலாகப் பிஎஸ்-அடோபி என்று தொடங்கி, பக்கம் பக்கமாகப் புரியாத குறியீடு கொட்டினால் உடனே தாளை உருவிவிடுங்கள். கப்ஸில் அந்தப் பிரின்டர் “ரா” என்று சேர்ந்திருக்கிறது. டிரைவரைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள்.

ஐபோனும் ஆண்ட்ராய்டும் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும், செயலி எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பைத் திறந்து பிரின்ட் என்று தட்டினால் போதும். எங்கள் ஆபீஸில் இந்த ஏற்பாட்டுக்குக் கிடைத்த பெரிய வரவேற்பே இதற்குத்தான். போனில் தெரியவில்லை என்றால் அது எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போன் சர்வரைப் பார்க்காது, பார்க்கவும் கூடாது.

தமிழ் எழுத்துக்குப் பயம் வேண்டாம். வேர்டிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ வரும்போது எழுத்துரு கூடவே வந்துவிடும், பாமினியும் வானவில்லும்கூட. வெறும் டெக்ஸ்ட் கோப்பை நேரடியாகச் சர்வரிலிருந்து அடித்தால் மட்டும் கட்டம் கட்டமாக வரலாம். அதற்குச் சர்வரில் ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துருவை நிறுவினால் சரி.

எம்1005 மாதிரி ஸ்கேனரும் சேர்ந்த கருவி வைத்திருப்பவர்கள் கவனிக்க: கப்ஸ் பகிர்வது பிரின்டரை மட்டும். ஸ்கேனுக்கு சேன் என்ற வேறு மென்பொருள் வேண்டும், அது தனிப் பாடு. தினமும் ஸ்கேன் செய்கிற ஆபீஸ் என்றால் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

9. பிரின்டரை அணைத்து வைத்தாலும் வரிசை நிற்காமல் இருக்க

யாரோ பிரின்டர் அணைந்திருக்கும்போது பிரின்ட் கொடுத்துவிடுவார்கள். கப்ஸ் முயன்று பார்த்துவிட்டு வரிசையையே நிறுத்திவிடும் வாய்ப்பு உண்டு. அப்புறம் பிரின்டரைப் போட்டாலும் எதுவும் வராது, யாராவது கப்ஸ் பக்கத்துக்குப் போய் “ரெஸ்யூம்” தட்ட வேண்டும். அந்த யாராவது நீங்கள்தான். இதைத் தவிர்க்க, செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ் பகுதியில் பாலிசிஸ் என்பதன் கீழ் எரர் பாலிசியை “ரீட்ரை ஜாப்” என்று மாற்றிவிடுங்கள்.

பெரிய கோப்பு ஒன்று மாட்டிக்கொண்டால் ஜாப்ஸ் பக்கத்தில் அதை மட்டும் ரத்து செய்யலாம். பிரின்டரை அணைத்துப் போடுவதால் வரிசையில் நிற்கும் வேலை போகாது, திரும்ப வந்து அடிக்கும்.

10. மின்சாரம்

சர்வரையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். லேசர் பிரின்டரை அதில் போடாதீர்கள். தாளில் பொடியை ஒட்டவைக்கும் ஃப்யூசர் சூடாகும்போது சட்டென்று இழுக்கும் கரன்டை 600 விஏ யூபிஎஸ் தாங்காது. பீப் அடித்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். பிரின்டருக்கு நேரடியாகச் சுவர் பிளக்தான்.

பையில் மெமரி கார்டு திடீர் மின்வெட்டில் கெட்டுப்போகும், பலருடைய சர்வர் “ஒரு நாள் திடீரென்று” நின்றுபோவது இதனால்தான். யூபிஎஸ் இல்லாத ஆபீஸுக்கு மினி பிசியே சொல்வேன்.

11. யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது

631 போர்ட்டை ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள், வீட்டிலிருந்து பிரின்ட் கொடுக்கலாம் என்ற ஆசைக்காகக்கூட. 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரௌஸ்டு என்ற துணை நிரலில் கடுமையான ஓட்டைகள் வெளியே வந்தன. இணையத்துக்குத் திறந்து கிடந்த சர்வர்களுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். நீங்கள் செய்யும் வேலைக்கு அந்த நிரல் தேவையே இல்லை, நிறுத்திவிடுங்கள். போன்கள் கண்டுபிடிப்பதற்கு அவாஹி என்பது ஓடினால் போதும்.

அடித்து முடித்த கோப்புகளைக் கப்ஸ் இயல்பாக ஒரு நாள் வைத்திருக்கும். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள ஆபீஸில் அது எதற்கு? எடிட் கான்ஃபிகரேஷன் ஃபைல் என்பதைத் திறந்து, பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் என்ற வரியை “நோ” ஆக்குங்கள். அதே கோப்பில் பேஜ்லாக்ஃபார்மேட் என்ற வரியில் வடிவத்தைக் கொடுத்தால், யார் எப்போது எத்தனை பக்கம் அடித்தார்கள் என்று பதிவாகத் தொடங்கும். அது காலியாக இருந்தால் எந்தப் பதிவும் இருக்காது. மாத முடிவில் தாள் எங்கே போகிறது என்ற பேச்சு வரும்போது இந்தப் பதிவு கையில் இருப்பது நல்லது. ஆனால் பதிவு எடுக்கிறோம் என்று ஊழியர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

12. மாதம் ஒரு முறை

ஒரு சனிக்கிழமை மாலை சர்வரை அப்டேட் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, ஒரு சோதனைப் பக்கம் அடியுங்கள். கால் மணி நேர வேலை. 1020 வைத்திருப்பவர்கள் அப்டேட்டில் எச்பிலிப்பின் பதிப்பு மாறியதா என்று கவனியுங்கள். பிளக்-இன்னும் அதே பதிப்பாக இருந்தால்தான் ஓடும், மாறியிருந்தால் திரும்ப இறக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் “பிரின்ட் வரலையே” என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்றே பையின் மெமரி கார்டை இன்னொரு கார்டில் நகல் எடுத்துவிடுங்கள். கார்டு ரீடரும் இலவச மென்பொருளும் போதும். கூடுதல் கார்டு சில நூறு ரூபாய். கார்டு போனால் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகுவது ஐந்து நிமிடம், அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாவது படியில் எழுதிய தாளை அந்தக் கார்டோடு ஒரே கவரில் போட்டு, எங்கே இருக்கிறது என்று ஆபீஸில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.